மணி இருந்தது, பெயர் இல்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில், மன்னார்குடியிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் சென்னை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, நானும் நான்கு வயது மகளும் மாமனார் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் இரண்டு முறை பார்க்கிறவள். மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, தண்ணீர் பாட்டில் வைத்தேனா என்ற சந்தேகத்தில் வேனுக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கக் கடைத்தெருவிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். "எம் மருமவ வீட்டைப் பூட்டிட்டு, அந்தப் பூட்டுக்கும் ஒரு பூட்டு தேடுவா" என்று என் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கோபமாக இல்லை, பெருமையாகவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில்.

ஆனால் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் எனக்குத் தைரியம் வரும். தஞ்சாவூரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன், முதல் வகுப்பு. வேலைக்குப் போகும் முன் கல்யாணம் ஆகிவிட்டது என்பது வேறு கதை.

எங்கள் கூடத்து மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மன்னார்குடியில் கல்யாணப் பத்திரிகை தயாரிக்கும் டி.டி.பி. கடை ஒன்றை மூடியபோது மாமா வாங்கியது. பூப்போட்ட துணி உறை போட்டு வைத்திருப்பார். யாரும் அதில் படம் பார்க்க முடியாது, பாட்டுக் கேட்க முடியாது. எங்கள் வாய்க்காலின் முறைப் பட்டியல் அதில்தான் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் மேலே இருக்கும் ஊர்களையெல்லாம் நனைத்துவிட்டு மிச்சமாகத்தான் எங்கள் வாய்க்காலுக்கு வரும். அது எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் பாயாது. அதனால் இருபத்திமூன்று குடும்பமும் முறை வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். யாருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு மடை திறக்கலாம், எத்தனை மணிக்கு அடைக்க வேண்டும் என்று வருடா வருடம் பட்டியல் போடுகிறவர் என் மாமனார்.

கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். இரவு முறை யாருக்கும் பிடிக்காது. பாம்பு, இருட்டு, தூக்கம். மேலே எவராவது மடையை வெட்டிவிட்டாலும் இரவில் தெரியாது. ஆகவே போன வருடம் இரவு பார்த்தவருக்கு இந்த வருடம் பகல். முதல் நாள் எடுத்தவர் அடுத்த வருடம் கடைசியில். ஒரு வீட்டில் துக்கம் விழுந்தால் அவர் முறையை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். அது பிறகு திரும்பியாக வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் அத்தனையும் பதினோரு வருடமாக, வருடத்துக்கு ஒரு ஃபைல் என்று அந்தக் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. ஒவ்வொருவர் கைக்கும் அவரவர் முறை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டுதான் போகும். முழுப் பட்டியலை அச்செடுத்து, ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஷட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டுவார்கள். ஐப்பசி மழையில் அது கரைந்துவிடும். கரைந்தால் என்ன, கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே.

அந்த வருடம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு மாமா வயலுக்குப் போய் வந்தால் அப்போதுதான் திரை வெளிச்சம் காட்டும். எதைத் தொட்டாலும் பாதியில் நிற்கும். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஷட்டர் அருகே எல்லோரும் கூடும்போது மாமா புதுப் பட்டியலை வாசிக்க வேண்டும். பழுது பார்க்க வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இத எடைக்குப் போட்டுட்டு வேற வாங்கிடுங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"நான் பண்றேன் மாமா" என்றேன். "உள்ள இருக்கறத எல்லாம் பத்திரமா எடுத்து வச்சிட்டு, மொத்தத்தையும் அழிச்சிட்டு, பழைய மெஷினுக்குன்னே லேசா ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கு, அதப் புதுசா போட்டுடலாம்."

"மொத்தத்தையும் அழிக்கணுமா?" மாமாவுக்குப் பயப்பட அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

"எடுத்து வச்சிட்டுத்தான் மாமா."

மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "அவ எடுத்து வச்சா மூணு எடத்துல எடுத்து வப்பா. நீங்க பயப்படாதீங்க" என்றார். அது எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ்.

அவர் சொன்னது போலவே செய்தேன். புதன்கிழமை முழுவதும் அதே வேலை. டாகுமெண்ட்ஸ், டெஸ்க்டாப், டி டிரைவ் என்று மாமா எங்கெல்லாம் எதையாவது போட்டு வைத்திருப்பாரோ அங்கெல்லாம் தேடி எடுத்தேன். இரண்டு பென் டிரைவ், என் போன் என மூன்று இடத்தில் நகல். எடுத்த பிறகு, பென் டிரைவைச் செருகி முறைப் பட்டியல்கள் பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் அழகாகத் திறந்தன. கழற்றி, மறுபடி செருகி, மறுபடி பார்த்தேன். நான்கு முறை. ஐந்தாவது முறை பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை அழித்தேன். புதியதைப் போட்டேன். ஒரு மணி நேரம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அது வராது. கீபோர்டைப் பார்த்தேன். ஒவ்வொரு விசையின் மேலும் தமிழ் எழுத்து எழுதிய சின்னக் காகிதத்துண்டு ஒட்டியிருந்தது. மாமா ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பவர். அந்தத் துண்டுகள் பழுப்பேறி, ஓரம் சுருண்டு, பிசுக்குப் பிடித்துக் கிடந்தன. சுத்தம் செய்வது என்று இறங்கியாகிவிட்டது, முழுதாகவே செய்துவிடலாம் என்று தோன்றியது. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவைத்து, அத்தனையையும் உரித்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தேன். கீபோர்டு கடையில் வாங்கியது போல வந்துவிட்டது. புதிதாக ஒட்டித் தரலாம், மாமாவிடம் கேட்டால் எது எங்கே என்று சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சுவிட்சைப் போட்ட ஒரு நிமிடத்துக்குள் கம்ப்யூட்டர் எழுந்து நின்றது. மெனு எல்லாம் தமிழில். மாமா பக்கத்து ஊர் வரை வாய்க்கால் தூர்வாரியதைப் பார்க்கப் போயிருந்தார். வந்ததும் காட்ட வேண்டும் என்று போன வருடப் பட்டியலைத் திறந்தேன்.

திரை முழுக்க ஆங்கில எழுத்து. நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி, ஆச்சரியக்குறி. ஒரு சொல்கூட ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை.

அதற்கு முந்தைய வருடத்தைத் திறந்தேன். அதுவும் அப்படியே. அடுத்த பென் டிரைவ். அப்படியே. போனிலிருந்து எடுத்தேன். மூன்று இடத்தில் பத்திரமாக வைத்த ஒரே குப்பை.

என் மகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது எந்த ஊரு பாஷைம்மா?"

எனக்குப் புரிந்துவிட்டது. படித்தவள் அல்லவா, புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாமா அடித்தது பழைய காலத்துத் தமிழ் ஃபாண்ட்டில். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். அந்த ஃபாண்ட் என்ற கண்ணாடியைப் போட்டால்தான் அது தமிழாகத் தெரியும். ஃபாண்ட் இருந்ததோ பழைய சிஸ்டத்தின் உள்ளே. நான் மாமாவின் ஃபைல்களைத் தேடித் தேடி எடுத்தேன், ஃபாண்ட்டை எடுக்கவில்லை. நான்கு முறை திறந்து பார்த்ததும் அந்த ஃபாண்ட் இருந்த அதே கம்ப்யூட்டரில்தான். திறக்காமல் என்ன செய்யும்?

எந்த விசை எந்த எழுத்து என்று தெரிந்தால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம். அதைச் சொல்லக்கூடிய காகிதத்துண்டுகளை எண்ணெய் போட்டு உரித்தவளும் நான்தான். குப்பைக்கூடையைப் போய்ப் பார்த்தேன். மாமியார் விடியற்காலையிலேயே எரித்திருந்தார்.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எண்கள். இந்த ஃபாண்ட்டில் எண்கள் மாறுவதில்லை போலிருக்கிறது. 6, 11. 11, 4. மணி இருந்தது, பெயர் இல்லை. எந்த நேரத்தில் தண்ணீர் பாய்ந்தது என்று தெரிகிறது, யாருடைய வயலில் என்று தெரியவில்லை. எல்லாமே போயிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல். "அண்ணன் இருக்காங்களா?"

எங்கள் வாய்க்காலின் கடைசி மடையில் நாலு மா நிலத்தை, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல் வரும், குத்தகைக்கு எடுத்துத் தனியாகச் சாகுபடி செய்கிற அக்கா. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மாமாவைத்தான் அண்ணன் என்பார்.

"வெளிய போயிருக்காங்கக்கா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. இந்த வருஷம் எனக்குப் பகல் முறைன்னு அண்ணன் அப்பவே சொன்னாங்க. என்னைக்குன்னு தெரிஞ்சா வெத ஊறப் போட்டுடுவேன். போன வருஷம் ராத்திரி வெளக்குப் புடிக்க ஆளில்ல. டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு மடைய வெட்டினேன் பாத்துக்க. பல்லு ரெண்டு நாளு வலிச்சுது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை தெரிஞ்சிடும்க்கா" என்றேன். சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மதியம் மாமா வந்தார். கம்ப்யூட்டர் வேகமாகத் திறப்பதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். பிறகு கீபோர்டைப் பார்த்தார். ஒரு விரலை நீட்டினார், மடக்கினார்.

"எழுத்தெல்லாம் எங்கம்மா?"

"அழுக்கா இருந்துச்சு மாமா. புதுசா ஒட்டித் தர்றேன்."

"ஃபைலெல்லாம் இருக்குல்ல?"

இருக்கிறது என்பது பொய் இல்லை. "இருக்கு மாமா. கொஞ்சம் செட்டிங் பாக்கி" என்றேன். மாமா சரி என்று சாப்பிட உட்கார்ந்தார். அவர் சந்தேகப்பட்டிருந்தால் உடைத்துச் சொல்லியிருப்பேன். அவர் நம்பியதுதான் என்னைப் பேசவிடாமல் செய்தது.

மாலை வரை போராடினேன். ஃபைலில் அந்த ஃபாண்ட்டின் பெயர் இருந்தது. இணையத்தில் தேடினால் அப்படி ஒரு பெயரே இல்லை. கிடைத்த பழைய தமிழ் ஃபாண்ட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டேன். ஒன்றில் தமிழ் எழுத்து வந்தது, ஆனால் சொல் வரவில்லை. தமிழில் உளறுவதைப் பார்க்க அந்த ஆங்கிலக் குப்பையே தேவலை என்றிருந்தது. கணவரைப் போனில் கூப்பிட்டேன். "அப்பாட்ட சொல்லிடு" என்றார். அதுதான் சரி என்று எனக்கும் தெரியும். சொல்லவில்லை.

அன்று ராத்திரி படுத்தபோது ஒன்று உறைத்தது. இந்தக் கம்ப்யூட்டர் வந்ததே டி.டி.பி. கடையிலிருந்து. அந்தக் கடை போனால் என்ன, ஊரில் பத்திரிகை தயாரிப்பது நின்றுவிட்டதா?

சனிக்கிழமை காலை, பிள்ளைக்குச் செருப்பு வாங்கப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு மன்னார்குடிக்குப் பேருந்து ஏறினேன். பென் டிரைவ்கள் இரண்டும் பர்ஸில். வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தெப்பக்குளத்துப் பக்கம் முதல் கடையில் "அதெல்லாம் இப்ப யாரும் வச்சிக்கிறதில்லம்மா, எல்லாம் யூனிகோடு" என்றார்கள். இரண்டாவது கடையில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மூன்றாவது, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்னக் கடை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு வேகமாக அடித்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பெரியவர், தன் மகள் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, தாய்மாமன் பெயர் விட்டுப்போனதாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என்னங்க, பத்திரிகையா?" என்று என்னைப் பார்த்தார் அந்த அம்மா.

"இல்லைங்க. ஒரு ஃபைலு. திறக்குது, ஆனா படிக்க முடியல."

பென் டிரைவை வாங்கிச் செருகினார். அவர் கம்ப்யூட்டரிலும் அதே குப்பைதான் வந்தது. அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து கீழே இறக்கினார். திரையில் இருந்த ஆங்கில எழுத்துகளை அடிப்பது போல மேசை விளிம்பில் அவர் விரல்கள் அசைய ஆரம்பித்தன. கீபோர்டு அங்கே இல்லை. வெறும் பலகை.

"வடக்கு... மடை... செட்டியார் வீட்டு... மூத்த மகன்... இரவு..." என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னவர், என் பக்கம் திரும்பினார். "ஏங்க, மூத்த மகன் ராத்திரியில மடையில என்னங்க பண்றாரு?"

பத்திரிகைப் பெரியவர் சண்டையை மறந்து சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எப்படிங்க படிச்சீங்க?"

"எங்க படிச்சேன்? அடிச்சேன். பதினெட்டு வருஷமா இதானே பொழப்பு. கண்ணுக்குத் தெரியாதுங்க, வெரலுக்குத் தெரியும்."

பிறகுதான் முழுக்கதையையும் சொன்னேன். அவர் ஒரு ஃபோல்டரைத் திறந்தார். நூற்றுக்கணக்கில் ஃபாண்ட்டுகள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கடைக்காரரும் தங்களுக்குத் தோன்றிய பெயரைப் போட்டு வைத்துக்கொள்வார்களாம். "பேரு என்னவா வேணா இருக்கட்டும். அடிக்கிற முறை எதுன்னு தெரிஞ்சா போதும். நீங்க நேத்து போட்டதெல்லாம் வேற முறை, அதான் உளறுச்சு" என்றபடி ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போட்டார். குப்பை முழுவதும் ஒரே நொடியில் தமிழானது. மாமாவின் பட்டியல். மாமாவின் வாக்கியங்கள். இருபத்திமூன்று குடும்பமும் திரையில் வந்து உட்கார்ந்தார்கள்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி தெறந்து பாக்கலையா?"

"நாலு தடவை பாத்தேங்க."

"எங்க வச்சு?"

"அதே கம்ப்யூட்டர்ல."

"நல்லாருக்கு! நம்ம வச்ச சாம்பாரு நல்லாருக்கான்னு நம்மளே நாலு தடவை ருசி பாத்த மாதிரி." ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "என்ன படிச்சிருக்கீங்க?" என்றார்.

சொன்னேன்.

"அதான்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பெரியவர் இன்னொரு முறை சிரித்தார். "எந்த ஊரும்மா நீ? கடைமடையா? உங்களுக்குத் தண்ணி வர்றதுக்குள்ள நாங்க நாத்தே பறிச்சிடுவோம்" என்றார்.

"நீங்க அடைச்சு விட்டாத்தானே எங்களுக்கு வரும்" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. எட்டு மாதத்தில் நானும் கடைமடைக்காரி ஆகியிருந்தேன்.

கிளம்பப் போனவளை அந்த அம்மா விடவில்லை. "பதினொண்ணையும் இங்கயே தெறந்து பாருங்க. உங்க வீட்டுல தெறக்குறது பெருசில்ல, இங்க தெறக்கணும்" என்றார். திறந்தேன். எல்லாவற்றையும் காகிதத்தில் அச்செடுக்கவும் வைத்தார். ஃபாண்ட்டை இரண்டு பென் டிரைவிலும் ஏற்றினார். எந்த விசையில் எந்த எழுத்து என்ற பட்டியலையும் ஒரு தாளில் எடுத்துக் கொடுத்தார். "இதப் பாத்து ஒட்டிக் குடுங்க. பாவம் உங்க மாமனாரு, வெரல எங்க வப்பாரு?" அத்தனை நேரமும் தாய்மாமன் பெயருக்காகக் காத்திருந்த பெரியவர் ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை. முறைக்குக் காத்திருந்து பழகியவர்.

திரும்பி வரும்போது மனதுக்குள் ஒரு திட்டம் போட்டிருந்தேன். மாமாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். செட்டிங் முடிந்தது என்று சொல்லி, பட்டியலைத் திறந்து காட்டிவிடலாம். எல்லாம் சரியாகிவிட்ட பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்?

வாசலில் கால் வைத்ததும் என் மகள் ஓடினாள். "தாத்தா! ஒங்க எழுத்தெல்லாம் காணாமப் போச்சுல்ல, அது மன்னார்குடிக் கடையில இருந்துச்சு. நாங்க வாங்கிட்டு வந்துட்டோம்!"

மாமா என்னைப் பார்த்தார். மாமியார் என் மகளின் காலைப் பார்த்தார். பழைய செருப்பு.

"செருப்பு கெடைக்கலையோ?" என்றார் மாமியார்.

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாண்ட்டை எடுக்காமல் விட்டது, காகிதத்துண்டுகளை உரித்தது, வெள்ளிக்கிழமை மதியம் சொல்லாமல் மறைத்தது.

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் மாமா. "பட்டியல் போயிருந்தா, நாளைக்குப் போயி போச்சுப்பான்னு சொல்லியிருப்பேன். எல்லாரும் உக்காந்து ஞாபகப்படுத்தி ஏதோ ஒண்ணு பண்ணியிருப்போம். சண்டை வந்திருக்கும், அவ்வளவுதான். இருக்குன்னு நெனச்சுக்கிட்டு நான் வெறுங்கையோட போயி நின்னிருந்தா?"

நான் பயந்தது முழுவதும் பட்டியல் போய்விட்டதே என்றுதான். அவருடைய ஒரு நாளை நான் எடுத்துக்கொண்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மாமியார் காபியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "சரி விடுங்க. மொதல்ல எழுத்த ஒட்டுங்க, மாமனாரும் மருமவளும். நாளைக்கு வாசிக்கணும்ல."

அன்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து ஒட்டினோம். நான் எழுதி வெட்டிக் கொடுக்க, என் மகள் பசை தடவ, மாமா ஒவ்வொன்றையும் விசையின் நடுவில் வைத்து அழுத்தினார். பிறகு பதினோரு வருடத் தாள்களையும் விரித்துப் போட்டு, அவர் சொல்லச் சொல்ல நான் சரிபார்த்து, அவரே ஒற்றை விரலால் புதுப் பட்டியலை அடித்தார். அச்செடுத்த தாள்களை ஒரு ஃபைலில் கோத்து, "நாளைக்கு நீயும் வாம்மா. யாராச்சும் பழசு கேட்டா எடுத்துக் குடு" என்றார்.

கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஷட்டர் பக்கத்தில் மாமா முதல் பெயராகக் கடைசி மடை அக்காவின் பெயரை வாசித்ததும், வாய்க்கால் தலைப்பில் நிலம் வைத்திருக்கும் ஒருவர் எழுந்தார். "அதெப்படி மாமா? போன வருஷம் எனக்கு ராத்திரி முறை. இந்த வருஷம் மொதப் பகல் எனக்குத்தானே வரணும்?"

இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். அவருக்கு இரவு முறை போட்டது அவர்களுக்கும் நினைவிருந்தது. கடைசி மடை அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, கூட்டத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மாமா நிதானமாக என் பக்கம் கை நீட்டினார். "போன வருஷத்த எடும்மா. நீயே படி."

தாளைச் சட்டென்று உருவினேன். அந்தத் தாளை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். பட்டியலின் அடியில் மாமா எழுதி வைத்திருந்த குறிப்பை வாசித்தேன். மூன்றாம் நாள் இரவு முறை அவருக்கு உரியது. அன்று அவர் மகளைப் பெண் பார்க்க வந்ததால் முறை மாற்றிக்கொண்டார். அந்த இரவைப் பார்த்தவர் கடைசி மடை அக்கா. இந்தக் கணக்கு வரும் வருடம் முதல் பகலாக அவருக்குத் திரும்ப வேண்டும்.

யாரோ பின்னாலிருந்து, "மாப்ள வந்த சந்தோஷத்துல மறந்துட்டாரு போல" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அட ஆமா, மறந்தே போச்சு. சரி, படிங்க மாமா" என்று உட்கார்ந்துவிட்டார். உண்மையிலேயே மறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. தாள் இருந்தது, அவ்வளவுதான்.

"மொத நாளு, காலம்பற ஆறு மணி" என்று அக்கா ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கூட்டம் முடியும்வரை இருக்கவில்லை. விதை ஊறப் போட வேண்டுமே. வரப்பில் அவர் வேகமாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய அந்தக் காலை ஆறு மணி முந்தைய நாள் மன்னார்குடியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே யாரோ ஒரு பெண்ணின் விரல் நுனியில் இருந்தது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் கம்ப்யூட்டர் இப்போதும் நன்றாக ஓடுகிறது. பட்டியல்களை, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன். ஆடி பிறந்ததும் நகல் எடுத்து, மன்னார்குடிக்கே கொண்டுபோய் அந்த அம்மாவின் கம்ப்யூட்டரில் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். "வந்துட்டாங்க பி.எஸ்சி." என்று வரவேற்பார். பக்கத்து ஊர்ப் பாசனக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் பழைய கம்ப்யூட்டர்களையும் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். அழிக்கும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி, "இதுல தமிழ் எப்படி அடிக்கிறீங்க?" என்பதுதான்.

நான் இன்னும் பயப்படுகிறவள்தான், அடுப்பை அணைத்தேனா என்று இன்னும் திரும்பி வருகிறவள்தான். ஆனால் ஒரு தவறு என் கையால் நடந்துவிட்டால், அதை நான்கு முறை தனியாகச் சரிபார்த்துக்கொண்டு உட்காருவதில்லை. யாருக்கு அது தெரிய வேண்டுமோ அவரிடம் அன்றைக்கே ஒரு முறை சொல்லிவிடுகிறேன், மூன்று இடத்தில் எடுத்து வைத்த நகல்களைவிட எனக்கு அது பத்திரமாக இருக்கிறது.